சிக்னல் போச்சா, சர்வோ போச்சா? மாதிரி விமானங்களில் கட்டுப்பாடு அறுவதும் அதற்கான மாற்று ஏற்பாடும்

பெங்களூருவில் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களுக்குப் பஞ்சம் இல்லை. எச்.ஏ.எல்., என்.ஏ.எல்., ஏ.டி.ஏ. என்று விமானத் துறையின் பெரிய நிறுவனங்கள் இருக்கும் ஊர். அல்சூர், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் இந்தத் துறையைத் தொட்டிருப்பார். பொறியியல் கல்லூரிகளில் போட்டிக்கு விமானம் கட்டும் மாணவர் குழுக்கள் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே வெட்டவெளி தேடிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுவான பழக்கம் உண்டு. விமானம் விழுந்தால் முதலில் வாயில் வருவது "சிக்னல் போச்சு" என்பதுதான். ரேடியோக்கள் 72 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய காலத்தில் இதில் நியாயம் இருந்தது. பக்கத்தில் ஒருவர் அதே அலைவரிசையில் தன் ரேடியோவை, அதாவது கையில் பிடித்து இயக்கும் கருவியை, ஆன் செய்தாலே நம் விமானம் தரைக்கு வந்துவிடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அலைவரிசை மாற்றி மாற்றித் தாவுகின்றன, விமானத்துக்குள் கட்டளையை வாங்கும் தன் ரிசீவரை மட்டுமே அடையாளம் கண்டு பேசுகின்றன. ஆகவே சந்தேகப் பட்டியலில் சிக்னல் கீழே இறங்க வேண்டும். மேலே ஏற வேண்டியவை சர்வோவும் அதற்குப் போகும் மின்சாரமும். இதைப் புரிந்துகொள்ளாமல் "எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு போட்டுவிட்டேன், இனி பயம் இல்லை" என்று நினைப்பது காசுக்கும் கேடு, விமானத்துக்கும் கேடு. இரண்டு போடுவது வேறு, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றுவது வேறு.

சர்வோவுக்குள் என்ன நடக்கிறது

சர்வோ என்பது விமானத்தின் தசை. நாம் ரேடியோவில் உள்ள குச்சியை நகர்த்தினால் எலிவேட்டரையோ (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஐலரானையோ (விமானத்தை உருட்டும் இறக்கைப் பலகை) ரடரையோ (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) உண்மையில் தள்ளி இழுப்பது இதுதான். இந்த அசையும் பலகைகளைத்தான் கட்டுப்பாட்டுப் பரப்பு என்கிறோம். உள்ளே நான்கு உறுப்புகள்:

1. ஒரு சிறிய மோட்டார்.
2. மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பற்சக்கர வரிசை. நைலான், பித்தளை, எஃகு, டைட்டானியம் என்று விலைக்கு ஏற்றபடி.
3. வெளித்தண்டு இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர்.
4. ரிசீவர் கேட்கும் கோணத்தையும் தண்டு நிற்கும் கோணத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரை ஓட்டும் மின்சுற்று.

ரிசீவரிலிருந்து கட்டளை பல்ஸ்களாக வருகிறது. வழக்கமான அமைப்பில் 20 மில்லி நொடிக்கு ஒரு பல்ஸ், அதாவது நொடிக்கு 50. பல்ஸின் நீளம் 1500 மைக்ரோ நொடி என்றால் நடு. 1000 ஒரு ஓரம். 2000 மறு ஓரம். மூன்று கம்பிகளில் ஒன்று இந்தப் பல்ஸுக்கு, மற்ற இரண்டும் மின்சாரத்துக்கு. ரிசீவர் அனுப்புவது "இந்தக் கோணத்துக்குப் போ" என்ற வேண்டுகோள் மட்டுமே. சர்வோ அங்கே போய்ச் சேர்ந்ததா என்று சாதாரண ரிசீவருக்குத் தெரியாது, திரும்பிச் சொல்ல நான்காவது கம்பி கிடையாது. சர்வோ செத்துவிட்டால் அது முதலில் தெரிவது நம் கண்ணுக்கு, விமானம் சொன்னபடி கேட்காதபோது.

டிஜிட்டல் சர்வோ, அனலாக் சர்வோ என்ற பிரிவும் இங்கேதான் வருகிறது. இரண்டுக்கும் வரும் பல்ஸ் ஒன்றே. அனலாக் சர்வோ ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு முறை மோட்டாரை உதைக்கிறது. டிஜிட்டல் சர்வோ நொடிக்கு 300 முறைக்கும் மேல் உதைக்கிறது. பிடி இறுகும், துல்லியம் கூடும். கூடவே மின்சாரச் செலவும் ஏறும். இந்தக் கடைசி விஷயம் கீழே திரும்ப வரும்.

எப்படியெல்லாம் கெட்டுப்போகும்

எது உடைந்தது என்பதைவிட, உடைந்த பிறகு கட்டுப்பாட்டுப் பரப்பு எங்கே நிற்கிறது என்பது முக்கியம். மூன்றே நிலைகள்தான்.

1. இருந்த இடத்திலேயே உறைந்து நிற்பது. மின்சுற்று எரிந்தாலோ பல் சிக்கிக்கொண்டாலோ இப்படி ஆகும்.
2. பிடி விட்டுக் காற்றில் ஆடுவது. பல் மழுங்கியது, சர்வோத் தண்டில் மாட்டும் கையான ஹார்னின் திருகு கழன்றது, அந்தக் கையைப் பரப்போடு இணைக்கும் கம்பியான புஷ்ராடு விடுபட்டது என்று காரணங்கள் பல.
3. ஒரே ஓரத்துக்கு ஓடி அங்கேயே முட்டி நிற்பது. பொட்டென்ஷியோமீட்டரில் தொடர்பு அறுந்தால் மின்சுற்றுக்குத் தண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது; மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் நிலையில் எலிவேட்டர் நடுவில் உறைந்தால் தப்பிக்க நிறைய வாய்ப்பு. இரண்டாவதில் பரப்பு படபடத்து விமானத்தையே உதறிவிடலாம். மூன்றாவதுதான் விமானத்தைக் கொல்வது. மாற்று ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கும்போது பெரும்பாலானோர் முதல் நிலையை மனத்தில் வைத்தே யோசிக்கிறார்கள். திட்டம் போட வேண்டியது மூன்றாவதுக்கு.

பொட்டென்ஷியோமீட்டர் தேய்வதில் ஒரு வேடிக்கை. விமானம் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி பரப்புகள் நடுவுக்கு அருகிலேயே இருக்கும். அதனால் தேய்வும் அங்கேதான், எஞ்சின் அதிர்வும் அந்த ஒரே இடத்தைத்தான் சுரண்டுகிறது. தரையில் குச்சியை விட்டுவிட்டு நிற்கும்போது சர்வோ நடுவில் தானாகத் துடித்தால், அது தேய்ந்துவிட்டதற்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பறப்புக்கு ஓடும் என்று ஏமாறக்கூடாது. துடிக்கும் சர்வோவைக் கழற்றிவிட்டு வேறு போடுவதுதான் மலிவு.

பல் மழுங்குவதற்குப் பெரும்பாலும் பறப்பு காரணமே இல்லை. வண்டியில் ஏற்றும்போது எலிவேட்டர் கதவில் இடித்தது, குழந்தை ரடரைப் பிடித்துத் திருப்பியது, போன வாரம் மூக்கு குத்தி இறங்கியது. நைலான் பல்லில் அப்போதே ஒரு கீறல் விழுந்திருக்கும். மிச்சத்தை அடுத்த வளைவு பார்த்துக்கொள்ளும். மின்சாரம் கொடுக்காமல் தண்டை விரலால் மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், உடைந்த பல் இருக்கும் இடத்தில் ஒரு துள்ளல் தட்டுப்படும். மோதலில் பிழைத்த சர்வோவை, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குப் போடலாம். எலிவேட்டருக்குப் போடவே கூடாது.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்னணுக் கடைகளில் "மெட்டல் கியர்" என்று எழுதி விற்கும் சிறிய சர்வோக்களில் எல்லாப் பல்லும் உலோகம் என்று நம்ப வேண்டாம். மோட்டார் பக்கத்து முதல் சக்கரம் நைலானாக இருக்கலாம். மேல் மூடியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வலுவும் வேகமும்: ஒரு கணக்கு

சர்வோ பெட்டியில் கிலோ-சென்டிமீட்டரில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். 9 கிராம் எடையுள்ள, எங்கும் கிடைக்கும் நீல நிறச் சர்வோவுக்கு 4.8 வோல்ட்டில் சுமார் 1.8. தண்டின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோ தொங்கவிட்டால் அது அசையாமல் நின்றுவிடும் என்று அர்த்தம். அதாவது அது அதன் உச்சவரம்பு, அந்த வலுவில் அது வேலையே செய்யாது. வேலைக்கு நம்பக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை.

இப்போது எலிவேட்டரைப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். விமானம் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டரில் போகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.1 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு 495 நியூட்டன். அது முழுவதும் எலிவேட்டரின் மேல் விழுகிறது என்று மோசமான பக்கமாகவே கணக்குப் போட்டால், விசை 7.4 நியூட்டன், அது அகலத்தின் பாதியில், கீலிலிருந்து 2.5 சென்டிமீட்டரில், செயல்பட்டால் முறுக்கு 1.9 கிலோ-சென்டிமீட்டர். நீலச் சர்வோவின் உச்சவரம்பே அதற்குக் கீழே.

உண்மையில் சிறிய கோணங்களில் விசை இதைவிடக் குறைவு. சர்வோ பக்கம் குட்டையான கையும் எலிவேட்டர் பக்கம் நீளமான கையும் வைத்தால் சர்வோவின் சுமை இன்னும் குறையும். ஆனால் வேகம் கூடினால் விசை அதன் இருமடிப்படி ஏறுகிறது. 30 மீட்டரில் சமாளித்த சர்வோ, செங்குத்தாகக் குத்தி இறங்கும் விமானத்தில் 42 மீட்டரில் இரண்டு மடங்கு சுமையைப் பார்க்கிறது. "மேலே நன்றாக இருந்தது, டைவ் போட்டேன், தூக்கவே முடியவில்லை" என்ற கதைகள் பலவற்றுக்கு இது ஒன்றே விளக்கம். சர்வோ சாகவில்லை, சிக்னலும் போகவில்லை. வலு போதவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் முதலில் த்ராட்டிலை மூட வேண்டும்.

மின்சாரம் சரிந்தால் எல்லாம் சேர்ந்து சரியும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படிக்கலாம்.

நின்றுபோன நிலையில், அதாவது முழு வலுவோடு தள்ளியும் அசையாத நிலையில், சர்வோ அதிகபட்ச மின்சாரத்தை இழுக்கும். சின்ன 9 கிராம் சர்வோ கிட்டத்தட்ட 0.7 ஆம்பியர் இழுக்கலாம். நான்கு சர்வோ ஒரே நேரத்தில் சிரமப்பட்டால் 2.8 ஆம்பியர். அந்த விமானத்தில் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளேயே இருக்கும் பெக் (பேட்டரியின் வோல்ட்டை இறக்கித் தரும் சுற்று), ரிசீவருக்கு 5 வோல்ட்டில் தருவது 2 ஆம்பியர் என்றால் மீதி எங்கிருந்து வரும்? வராது. வோல்ட் சரியும். ரிசீவருக்கு ஏறக்குறைய 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதன் மூளை அணைந்து திரும்பத் தொடங்கும். அது மறுபடி ரேடியோவைக் கண்டுபிடிக்கும்வரை எந்தச் சர்வோவும் எதையும் கேட்காது. தொடக்ககால 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களுக்கு இதற்குப் பல நொடிகள் பிடித்தன. இன்றையவை சட்டென்று மீள்கின்றன. ஆனாலும் 30 மீட்டர் உயரத்தில் ஒரு நொடியே பெரிய நேரம்.

கீழே நிற்பவருக்கு இது அச்சு அசலாகச் சிக்னல் போனது போலவே தெரியும். விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்க் குச்சியை ஆட்டினால் எல்லாச் சர்வோவும் ஒழுங்காக அசையும், ஏனென்றால் இப்போது சுமை இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு, அப்போ சிக்னல்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பழைய வகை லீனியர் பெக் கூடுதல் வோல்ட்டைச் சூடாக எரித்துத் தள்ளுகிறது. 11.1 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டாக இறக்கி 2 ஆம்பியர் கொடுத்தால், 12 வாட்டுக்கு மேல் சூடு. கையகலமே இல்லாத ஒரு பலகையில், காற்று புகாத தெர்மோகோல் வயிற்றுக்குள். சூடு மிஞ்சினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்திவிடும், விமானத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஸ்விட்சிங் வகை பெக்கில் இந்தத் தொல்லை பெருமளவு குறைவு. நான்கு டிஜிட்டல் சர்வோ போட்டுவிட்டு லீனியர் பெக்கோடு பறப்பவர் தவணை முறையில் விமானத்தை இழக்கிறார்.

கம்பியும் கணக்கில் வரும். 26 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.13 ஓம் தடை. வால் பகுதிக்கு 60 சென்டிமீட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால் போக வர 1.2 மீட்டர், 3 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. செருகிகளில் போவது தனி. பெரிய விமானங்களில் வால் சர்வோக்களுக்கு இன்னும் தடித்த 22 கேஜ் போடுவது இதனால்தான்.

ரிசீவர் வோல்ட்டை ரேடியோத் திரைக்கே அனுப்பும் டெலிமெட்ரி இன்று நடுத்தர விலைக் கருவிகளிலேயே வருகிறது. தரையில் எல்லாக் குச்சிகளையும் ஒரே நேரத்தில் வேகமாகக் கலக்கி, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 5 வோல்ட் 4.3க்கு இறங்கினால் அந்த விமானம் மேலே போகக்கூடாது. காற்றில் இதைவிட அதிகமாகவே இறங்கும்.

ஃபெயில்சேஃப் எதற்கு, எதற்கில்லை

ரேடியோ தொடர்பு அறுந்தால் ரிசீவர் முன்பே சொல்லிவைத்த நிலைக்குப் பரப்புகளைக் கொண்டுபோகும். இதுதான் ஃபெயில்சேஃப். த்ராட்டிலை மூடும்படி வைப்பது கட்டாயம். "கடைசி நிலையைப் பிடித்துக்கொள்" என்று விட்டுவைத்தால் முழு வேகத்தில் கண்காணாத இடத்துக்குப் போய்விடும்.

ஆனால் இது சிக்னலுக்கு மட்டுமான ஏற்பாடு. சர்வோ செத்தால் ஃபெயில்சேஃபுக்குத் தெரியாது. ரிசீவருக்கே மின்சாரம் இல்லாவிட்டால் ஃபெயில்சேஃபும் இல்லை. மின் மோட்டார் விமானத்தில் பல்ஸ் நின்றவுடன் மோட்டார் நின்றுவிடும், அது தானாக அமைந்த பாதுகாப்பு. பெட்ரோல் எஞ்சின் அப்படி இல்லை. அதன் தீப்பொறிக்குத் தனி பேட்டரி. த்ராட்டில் சர்வோ கடைசியாக எங்கே நின்றதோ அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ரிசீவர் உயிரோடு இருந்தால் மட்டுமே தீப்பொறியை அனுமதிக்கும் ஆப்டிகல் கில் ஸ்விட்ச் இதற்காகத்தான். பெட்ரோல் விமானத்தில் அது இல்லாமல் பறப்பதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

இரண்டு போட்டால் பாதுகாப்பா?

கட்டுப்பாடு என்பது ஒரு சங்கிலி: பேட்டரி, ஸ்விட்ச், ரிசீவர், சர்வோ, புஷ்ராடு, கீல். கணக்குக்காக மட்டும், ஒவ்வொரு கண்ணியும் 1000 பறப்பில் ஒரு முறை அறும் என்று வைத்துக்கொள்வோம்.

1. எல்லாம் ஒற்றையாக இருந்தால், எலிவேட்டரை இழக்கும் வாய்ப்பு 1000க்கு 6.
2. எலிவேட்டரை இடது வலது என்று இரண்டாகப் பிரித்து, தனித்தனி சர்வோ, புஷ்ராடு, கீல் கொடுத்தால், அந்த மூன்று கண்ணிகளும் இரண்டு பக்கமும் சேர்ந்து அறும் வாய்ப்பு பத்து லட்சத்துக்கு ஒற்றை இலக்கம். மிச்சம் இருப்பது பொதுவான மூன்று கண்ணிகள்: 1000க்கு 3.
3. பேட்டரியையும் ஸ்விட்சையும் இரட்டையாக்கினால் மிச்சம் ரிசீவர் மட்டும்: 1000க்கு 1.

ஒரு பக்கமாவது அறும் வாய்ப்பு இரட்டிப்பாகிவிட்டது என்பதையும் கவனியுங்கள். உறுப்பு கூடினால் பழுதும் கூடும். ஆகவே ஒரு பக்கம் போனாலும் விமானம் பறக்கும் என்பது உறுதியாக இருந்தால்தான் பிரித்ததற்கு அர்த்தம்.

இரண்டு சர்வோவையும் ஒரே ரடரில் பூட்டினால் என்ன ஆகும்? பெரிய விமானங்களில் வலுவுக்காக இப்படிச் செய்வது வழக்கம். வலுவுக்கு என்றால் சரி. மாற்று ஏற்பாடு என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒன்று மின்சுற்று எரிந்து சும்மா கிடந்தால் மற்றது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். ஒன்று பல் சிக்கி இறுகினால் இரண்டும் போச்சு. ஒன்று ஓரத்துக்கு ஓடினால் மற்றது எதிர்த்துத் தள்ளும், இரண்டும் முழு மின்சாரம் இழுக்கும், பேட்டரி சரியும். பழுதே இல்லாதபோதும், இரண்டின் நடுப்புள்ளியும் ஓரப்புள்ளியும் அச்சாகப் பொருந்தாவிட்டால் ஒரே நுகத்தில் பூட்டி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் மாடுகள்தான். தரையில் சும்மா நிற்கும்போதே ரீங்காரம் கேட்டால், அவை சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

ஆகவே பரப்பைப் பிரிப்பதுதான் உண்மையான மாற்று ஏற்பாடு. சர்வோவை இரட்டிப்பது வேறு காரணத்துக்கானது.

பெரிய விமானங்களின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1994 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே யூ.எஸ். ஏர் நிறுவனத்தின் போயிங் 737 விழுந்து 132 பேர் இறந்தார்கள். அதன் ரடரை இயக்கிய கருவியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வால்வுகள். ஒன்று சிக்கினால் மற்றது வேலை செய்யும் என்பது திட்டம். ஒன்று சிக்கியபோது மற்றது அளவைத் தாண்டி நகர்ந்து, விமானி கேட்ட பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் ரடர் திரும்பிவிட்டது என்று விசாரணை முடிவு செய்தது. ஒரே உறைக்குள் இருந்த இரண்டு, ஒன்றாகவே கெட்டன.

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.10 விமானத்தில், பரப்புகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தன. மூன்றின் குழாய்களும் வாலில் ஒரே பகுதி வழியாகப் போயின. வால் எஞ்சினின் விசிறி வட்டு சிதறியபோது மூன்றும் ஒரே நேரத்தில் அறுந்தன. மாதிரி விமானத்தில் இதற்கு இணையானது, இரண்டு பேட்டரிகளை வாங்கி ஒரே ஸ்விட்ச் வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோவது.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து முதன்முதலாகப் பறந்த தேஜஸ், வேண்டுமென்றே தானாக நிலைக்காதபடி வடிவமைக்கப்பட்ட விமானம். கணினி இல்லாமல் யாராலும் ஓட்ட முடியாது. அதனால் அதன் பறப்புக் கட்டுப்பாட்டில் நான்கு தடங்கள். நான்கும் ஒன்றையொன்று ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடும். இங்கே எண்ணிக்கையைவிட ஒப்பிடுவதுதான் முக்கியம். இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால் எது பொய் சொல்கிறது என்று தெரியாது. மூன்று இருந்தால்தான் பெரும்பான்மை என்ற பேச்சே வரும். மாதிரி விமானத்தில் சர்வோக்களுக்கு இடையே அப்படி ஒரு நடுவர் இல்லை. நடுவர் நாம்தான், அதுவும் 100 மீட்டர் தள்ளி தரையில் நின்றுகொண்டு.

அரை எலிவேட்டர் ஓரத்தில் சிக்கினால்

இடது அரை முழுவதும் மேல்நோக்கி ஓடிச் சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வலது அரையை முழுவதும் கீழே தள்ளினால் மூக்கு ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் வாலின் இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே தள்ளப்படுவதால் விமானம் இடப்பக்கமாக உருளப் பார்க்கும். வலப்பக்கம் உருட்டும்படி ஐலரான்களைக் கொடுத்து அதைப் பிடிக்க வேண்டும். ஐலரான்கள் மையத்திலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் பொதுவாக அவையே ஜெயிக்கும்.

இந்தச் சமன்பாடு நிற்பதற்கு ஒரு நிபந்தனை: சிக்கிய அரையின் கோணம், மற்ற அரை எட்டக்கூடிய கோணத்தைத் தாண்டக்கூடாது. ரேடியோவில் அசைவைக் குறைத்துவைப்பது இதற்கு உதவாது. சிக்கிய சர்வோ ரேடியோ சொல்வதைக் கேட்கப்போவதில்லை, அதன் இயந்திர எல்லைவரை ஓடிவிடும். எனவே எல்லை, சர்வோவையும் பரப்பையும் இணைக்கும் லிங்கேஜிலேயே இருக்க வேண்டும். சர்வோ கையில் உள்பக்கத்துத் துளையில் புஷ்ராடை மாட்டி, தேவையான அசைவு மட்டுமே கிடைக்கும்படி செய்வது. இதில் வலுவும் கூடுகிறது என்பது இலவச லாபம். குட்டிக்கரணம் போடும் 3டி விமானக்காரர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்களுக்கு 45 டிகிரி வேண்டும், அந்த அபாயத்தோடுதான் பறக்கிறார்கள்.

பேட்டரி, ஸ்விட்ச், ரிசீவர்

இரண்டு பேட்டரிகளை நேரடியாக இணைத்தால் ஒன்றில் ஒரு செல் கெட்டதும் மற்றது தன் மின்சாரத்தை அதற்குள் கொட்டும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு நடுவில் வேண்டும். சாதாரண ஷாட்கி டயோடில் 0.3, 0.4 வோல்ட் போய்விடும். மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் வைத்துச் செய்த நல்ல பவர் பெட்டிகளில் இழப்பு மிகக் குறைவு. ஸ்விட்ச் உடைந்தால் ஆஃப் ஆகக்கூடாது, ஆன் நிலையிலேயே நிற்க வேண்டும், அப்படிப்பட்டதை வாங்குங்கள். இரண்டு ரிசீவர் என்பது பெரிய ஜெட் மாடல்களுக்கு நியாயம். அதற்குக் கீழே இருப்பவர்கள் அந்தக் காசை நல்ல சர்வோவில் போடலாம்.

எந்த விமானத்துக்கு எது

எடையும் வேகமும்தான் அளவுகோல். 5 கிலோ விமானம் நொடிக்கு 25 மீட்டரில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 1500 ஜூலுக்கு மேல். 1 கிலோ தெர்மோகோல் பயிற்சி விமானம் 12 மீட்டரில் வந்தால் 72 ஜூல். இரண்டுக்கும் ஒரே பாதுகாப்புப் பட்டியல் கொடுப்பது அபத்தம்.

1. பயிற்சி விமானம்: போதுமான ஸ்விட்சிங் பெக், ஐலரானுக்கு இரண்டு சர்வோ ரேடியோவின் தனித்தனிச் சேனலில் (கட்டளைத் தடத்தில்), த்ராட்டில் ஃபெயில்சேஃப். வேறு எதுவும் வேண்டாம். இறக்கைகள் இருபுறமும் சற்று மேல்நோக்கி நிற்கும் வடிவமே மிகப் பெரிய மாற்று ஏற்பாடு. ஐலரான் போனாலும் ரடரால் திருப்பலாம்.
2. 2 மீட்டருக்கு மேல் இறக்கை, பெட்ரோல் எஞ்சின்: பிரித்த எலிவேட்டர், இரண்டு பேட்டரி, இரண்டு ஸ்விட்ச், கில் ஸ்விட்ச், உலோகப் பல் சர்வோ.
3. ஜெட்: மேலே சொன்ன எல்லாமும், கூடவே இரண்டு ரிசீவரும்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மிகாமல், கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ கண் பார்வைக்குள் இயக்கும் மாதிரி விமானத்துக்கு, அதன் வடிவமைப்பைச் சோதித்துத் தரும் வகைச் சான்றிதழ் தேவை இல்லை. அதாவது, 20 கிலோ விமானத்தின் எலிவேட்டர் ஒற்றைச் சர்வோவில் தொங்கினாலும் முன்கூட்டியே யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. எச்.ஏ.எல்., எலஹங்கா, ஜக்கூர், கெம்பேகவுடா என்று நான்கு தளங்கள் சூழ்ந்த ஊரில் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது.

மேலே இருக்கும்போது பழுதானால்

1. முதலில் த்ராட்டிலைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். வேகம் குறைந்தால் சர்வோவின் சுமை குறையும், மின்சாரம் மீளும், படபடப்பு அடங்கும். வால் பக்கம் திடீரென்று தேனீ ரீங்காரம் போல உரத்த ஒலி கேட்டால் அது படபடப்பு, உடனே மூடுங்கள்.
2. எந்தக் கட்டுப்பாடு போனது என்று சின்ன அசைவுகளால் கண்டுபிடியுங்கள். பெரிதாகக் கலக்கினால் மின்சாரம் இன்னும் சரியும்.
3. எலிவேட்டர் நடுவில் உறைந்திருந்தால் த்ராட்டிலே எலிவேட்டர். நன்றாக ட்ரிம் செய்த விமானம், அதாவது குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி சரிசெய்தது, விசை கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். டி.சி.10 விமானிகள் மிஞ்சிய இரண்டு எஞ்சின்களை வைத்து இதைத்தான் செய்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள்.
4. ஐலரான்கள் தனித்தனிச் சேனலில் இருந்து, இரண்டையும் ஒரே பக்கம் அசைக்கும் கலவையை ஒரு ஸ்விட்சில் முன்பே வைத்திருந்தால், மூக்கை ஏற்ற இறக்க அதுவும் ஓரளவு கைகொடுக்கும். விமானத்துக்கு விமானம் இதன் விளைவு மாறும். ஆகவே எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், போதிய உயரத்தில், ஒரு முறை போட்டுப் பாருங்கள்.
5. ஓடுபாதைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஆட்கள், வண்டிகள், வீடுகள் இல்லாத பக்கமாக நேராக இறக்குங்கள். திருப்பம் எடுக்கும்போதுதான் அரைக் கட்டுப்பாட்டு விமானங்கள் கைவிட்டுப் போகின்றன.